எங்கள் தெருவுக்குப் பங்காளி வேண்டும்

‘இக்கிராமம் எங்கள் கல்லூரியால் தத்தெடுக்கப்பட்டது’ என்கிற பலகையை, திருச்சியிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கொஞ்ச தூரத்திலேயே பார்த்துவிடலாம். சில ஊர்ப் பலகையில் கல்லூரிக்குப் பதில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். சில ஊரில் வங்கியின் பெயர், சில ஊரில் சங்கத்தின் பெயர். பலகை பெரும்பாலும் பேருந்து நிற்கும் இடத்தில், ஊர் முகப்பில் நிற்கும். அங்கிருந்து ஆதிதிராவிடர் தெருவுக்கு இன்னும் ஒரு நடை நடக்க வேண்டும். பலகை வைத்தவர்களில் பலர் அந்த நடையை நடப்பதில்லை.

தத்தெடுத்தல் என்ற சொல்லே நெருடுகிறது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைத்தான் தத்தெடுப்பார்கள். காவிரிக் கரையில் நெல்லும் வாழையும் விளைந்த காலம்தொட்டு நாற்று நட்டு, களை பறித்து, கரை கட்டி, தார் சுமந்து வந்த மக்கள் யாருக்கும் அனாதைப் பிள்ளைகள் அல்லர். அவர்களுக்குத் தேவைப்படுவது வேறு உறவு.

ஐக்கிய நாடுகள் அவை 2015ஆம் ஆண்டில் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளை அறிவித்து, 2030க்குள் எட்ட வேண்டும் என்றது. வறுமை ஒழிப்பில் தொடங்கும் அந்தப் பட்டியலின் கடைசி இலக்கு, இவற்றையெல்லாம் யாரோடு சேர்ந்து செய்வது என்பதைப் பற்றியது. அதற்குரிய ஆங்கிலச் சொல்லைக் கூட்டாண்மை என்றும் பங்கேற்பு என்றும் நம் அதிகாரிகள் பெயர்க்கிறார்கள். நம் ஊரில் அதைவிடப் பழைய சொல் ஒன்று இருக்கிறது. பங்காளி.

பங்காளி என்றால் யார்? சொத்தில் பங்குள்ளவர். வீட்டில் சாவு விழுந்தால் கூடவே தீட்டுக் காப்பவர். வரப்பு ஒரு முழம் தள்ளிப் போனால் சண்டைக்கு வருபவர். விருந்தாளி வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். புரவலர் கொடுத்துவிட்டுப் போவார். பங்காளியால் போக முடியாது, ஏனென்றால் நல்லதிலும் கெட்டதிலும் அவருக்கும் பங்கு உண்டு. தீட்டு என்று சொல்லி ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் இன்று பங்காளியைத் தேடுகிறோம். உதவ வருகிறவரை இந்தச் சொல்லை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

திண்ணியமும் வேங்கைவயலும்

உதவி வந்தால் போதாதா, இதில் என்ன அளவுகோல் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. லால்குடி வட்டத்துத் திண்ணியம். 2002 மே மாதம். தொகுப்பு வீட்டுக்காகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு தலித், ஊரறியப் பறையடித்து நியாயம் கேட்டார். அதைத் தொடர்ந்து, அவருக்குத் துணையாக இருந்த இரண்டு தலித்துகளுக்குச் சூடு வைக்கப்பட்டது. ஒருவர் வாயில் ஒருவர் மலத்தைத் திணிக்கும்படி அவர்கள் வதைக்கப்பட்டார்கள். நாடே தலைகுனிந்த அந்தக் கொடுமைக்கு மூலம் ஒரு வளர்ச்சித் திட்டம். ஏழைக்கு வீடு என்பது நல்ல திட்டம்தான். அது எந்தக் கை வழியாக வந்தது, பணத்தைத் திருப்பிக் கேட்டவருக்கு என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

அடுத்தது பக்கத்து மாவட்டம். புதுக்கோட்டை மாவட்டம், அன்னவாசல் ஒன்றியம், வேங்கைவயல். தலித் மக்களுக்குக் குடிநீர் தந்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில் தெரியவந்தது. தொட்டி கட்டியாகிவிட்டது, குழாய் போட்டாகிவிட்டது, இலக்கு நிறைவேறியது என்று கணக்கு எழுதியிருந்தார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தைகளுக்கு நோய் வந்த பிறகுதான் அந்தக் கணக்கில் எது எழுதப்படவில்லை என்று தெரிந்தது.

கிராமத்தைக் குறுகிய மனத்தின் குகை என்ற பொருள்படச் சாடி, அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4 அன்று அண்ணல் அம்பேத்கர் பேசியபோது பலருக்குக் கோபம் வந்தது. நிலைத்த வளர்ச்சி பேசுகிறவர்கள் அந்தப் பேச்சை ஒரு முறை படிப்பது நல்லது. கிராமத்தில் மிக நீண்ட காலம் நிலைத்திருப்பது சாதிதான். அதை அப்படியே விட்டுவிட்டு மேலே சோலார் விளக்கை நட்டால் அதன் வெளிச்சமும் ஊர் வேறு, சேரி வேறு என்றுதான் விழும்.

ஆகவே உதவ வருகிறவரிடம் நாம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். நிலம் யார் பெயரில்? திட்டம் யார் போட்டது? சாவி யார் கையில்? அழுக்கை யார் அள்ளுவது? நான்குக்கும் சரியான பதில் சொல்லிக் காட்டியவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள்.

நிலம் யார் பெயரில்?

நம் காவிரி கடைமடை சேரும் நாகைப் பகுதியில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித்துகள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் முடிவில் நடந்த படுகொலை அது. அதன் பிறகு அந்தப் பகுதிக்குச் சென்று மக்களோடு தங்கியவர்கள் கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும். கிருஷ்ணம்மாள் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். கூலி எவ்வளவு உயர்ந்தாலும் கால் ஊன்ற ஒரு துண்டு நிலம் இல்லாதவன் அடுத்த நாள் காலையில் அதே பண்ணையார் வாசலில்தான் நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குப் புரிந்தது.

1981இல் அவர்கள் உழுபவரின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். லாஃப்டி என்று சொன்னால் கீழத்தஞ்சையில் எல்லோருக்கும் தெரியும். நிலத்தை விற்க மனமிருந்த நிலக்கிழாரையும், கடன் தரக்கூடிய வங்கியையும், சலுகை தரக்கூடிய அரசையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்ததுதான் அந்த இயக்கத்தின் வேலை. வாங்கிய நிலம் குடும்பத்துக்கு ஏறத்தாழ ஒரு ஏக்கர் வீதம் பெண்கள் பெயரில் பதிவானது. இப்படி நிலம் பெற்ற குடும்பங்கள் ஏறத்தாழ 13,000. இயக்கத்தின் பெயரில் ஒரு பண்ணை வைத்து, அதில் தலித்துகளுக்கு வேலை கொடுத்திருந்தால் அது தர்மம் ஆகியிருக்கும். பத்திரத்தில் அந்தப் பெண்ணின் பெயர் ஏறியதால்தான் அது பங்காயிற்று. மாற்று நோபல் என்று சொல்லப்படும் சரியான வாழ்வாதார விருது 2008இல் அவர்கள் இருவருக்கும் கிடைத்தது.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கையின் விளைவாக, 1892இல் ஆங்கில அரசு ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க உத்தரவிட்டது. அதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். சென்னை மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் அப்படி ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பத்து ஆண்டுகளுக்குக் கைமாற்றக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கே விற்க வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார்கள். நிபந்தனை காகிதத்தில் இருக்கிறது, நிலம் பெருமளவு பிறர் கையில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். சாகுபடி நிலத்தில் அவர்கள் கையில் இருப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

தாட்கோவின் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம் இப்போது நடப்பில் உள்ளது. நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடி விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்கினால் விலையில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். நல்ல திட்டம். ஆனால் மீதிப் பாதியை யார் தருவது? நிலத்தை ஆதிதிராவிடர் அல்லாதவரிடம்தான் வாங்க வேண்டும். நம் தெருப் பெண்ணுக்கு நிலம் விற்கிறேன் என்று ஒருவரைச் சொல்ல வைப்பது யார்? வில்லங்கம் பார்த்து, அளந்து, சார் பதிவாளர் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் அவளோடு நடப்பது யார்? பங்காளிக்கு வேலை இங்கேதான் இருக்கிறது. ஒரு சமுதாயக் கூடம் கட்டும் செலவில் பல பெண்களுக்கு அந்த மீதிப் பாதியை வட்டியில்லாக் கடனாகத் தரலாம்.

திட்டம் யார் போட்டது?

இரண்டாவது கேள்விக்குக் குத்தம்பாக்கத்துக்குப் போக வேண்டும். திருவள்ளூர் மாவட்டம், பூந்தமல்லி ஒன்றியத்தில் உள்ள ஊராட்சி. கள்ளச்சாராயமும் அடிதடியும் மலிந்திருந்த ஊர். அந்த ஊரின் தலித் குடும்பத்தில் பிறந்து வேதிப் பொறியியல் படித்த இளங்கோ, காரைக்குடியில் மத்திய அரசு ஆய்வகத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். 1996 உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவரானார். 2001இல் மீண்டும் வென்றார்.

அவர் செய்தவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன். முதலாவது, மக்களைக் கூட்டித் திட்டம் போட்டார். என்ன இல்லை என்ற பட்டியலோடு நிற்காமல், ஊர் மாதாமாதம் என்னென்ன பொருள் வாங்குகிறது, அதில் எதையெல்லாம் ஊரிலேயே செய்ய முடியும் என்ற கணக்கையும் எடுத்தார். அரிசி, எண்ணெய், பருப்பு, சோப்பு என்று நாம் வெளியே கொடுக்கும் காசு எவ்வளவு என்பதை எந்தச் சேரியாவது எழுதிப் பார்த்திருக்கிறதா?

இரண்டாவது, வடிகால். அருகிலிருந்த கல் மெருகூட்டும் ஆலை ஒதுக்கிய கல் துண்டுகளைக் கொண்டு குறைந்த செலவில் வடிகால் கட்டினார். அரசு போட்ட மதிப்பீட்டை மீறினார் என்று அவரை இடைநீக்கம் செய்தார்கள். கிராம சபை கூடி அவர் பக்கம் நின்றது. பதவி திரும்பக் கிடைத்தது. மக்கள் போட்ட திட்டமாக இருந்ததால்தான் மக்கள் அதைக் காக்க வந்தார்கள். மேலேயிருந்து வந்த திட்டம் ஒன்று நின்று போனால் நம் ஊரில் எத்தனை பேர் கேட்கப் போகிறார்கள்?

மூன்றாவது, வீடு. கலைஞர் அரசு 1997இல் அறிவித்த சமத்துவபுரத் திட்டம் குத்தம்பாக்கத்துக்கும் வந்தது. அங்கே இரட்டை வீடுகள் கட்டினார்கள். ஒரு பாதியில் தலித் குடும்பம், மறுபாதியில் தலித் அல்லாத குடும்பம், நடுவே ஒரே சுவர். இந்தச் சுவரைத்தான் நான் பங்காளிச் சுவர் என்பேன். மதுரைப் பக்கத்து உத்தப்புரத்தில் தலித்துகளைப் பிரித்து நின்ற சுவரில் ஒரு பகுதியை 2008இல் இடிக்க வேண்டியிருந்தது. குத்தம்பாக்கத்துச் சுவரை இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து வெள்ளையடிக்க வேண்டும்.

இளங்கோ பிறகு பிற ஊராட்சித் தலைவர்களுக்குப் பயிற்சி தரும் வேலையில் இறங்கினார். தலித் தலைவர்கள் பலருக்கு நாற்காலிகூடத் தரப்படாத மாநிலத்தில், மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்ட மாநிலத்தில் இது சின்ன வேலை அல்ல.

சாவி யார் கையில்?

மூன்றாவது கேள்விக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. திருச்சி மாநகரின் குடிசைப் பகுதிகளில் பொதுக் கழிப்பறைகள் எப்படிக் கிடந்தன என்பது ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு நினைவிருக்கும். கட்டிய சில மாதங்களில் தண்ணீர் நிற்கும், கதவு போகும், பெண்கள் இருட்டுக்காகக் காத்திருப்பார்கள். திருச்சியில் 1987இல் தொடங்கப்பட்ட கிராமாலயா தொண்டு நிறுவனம் 2000ஆம் ஆண்டையொட்டி இங்கே ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. மாநகராட்சியின் கழிப்பறைகளைப் பராமரிக்கும் பொறுப்பை அந்தந்தப் பகுதிப் பெண்கள் குழுவிடம் கொடுத்தார்கள். ஒரு முறை பயன்படுத்த 50 பைசா. வசூல், துப்புரவு, மின்கட்டணம், பழுது எல்லாம் அந்தப் பெண்கள் பொறுப்பு. மிச்சப் பணம் அவர்கள் கணக்கில். திறந்தவெளியில் யாரும் மலம் கழிக்காத பகுதியாக 2002இல் கல்மந்தை மாறியது. நிறுவனத்தின் தலைவர் தாமோதரனுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த விருதில் ஐம்பது பைசா வாங்கி நோட்டில் எழுதிய பெண்களுக்கும் பங்கு உண்டு.

இதில் படிக்க வேண்டியது கட்டடத்தைப் பற்றியல்ல, சாவியைப் பற்றி. நம் தெருக்களில் நிறுவனங்கள் கட்டிக் கொடுத்துவிட்டுப் போன எத்தனையோ நூலகங்கள், தையல் கூடங்கள், சுத்திகரிக்கப்பட்ட குடிநீர் எந்திரங்கள் பூட்டிக் கிடக்கின்றன. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் கையில் கத்தரிக்கோல் இருந்தது. சாவி யாரிடம் போனது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வரவு செலவு நோட்டு தெருப் பெண்கள் கையில் இல்லாத எந்தத் திட்டமும் மூன்றாம் வருடத்தைத் தாண்டாது.

அழுக்கை யார் அள்ளுவது?

நான்காவது கேள்வியை வெளியிலிருந்து வருபவர்கள் கேட்பதே இல்லை. நாம்தான் கேட்க வேண்டும். முசிறி காவிரியின் வடகரையில் இருக்கிறது. நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் பகுதி. சாதாரண உறிஞ்சு குழிக் கழிப்பறை கட்டினால் மலம் கிணற்று நீரில் கலக்கும். திருச்சியைச் சேர்ந்த ஸ்கோப் தொண்டு நிறுவனம் அங்கே சூழல் காக்கும் கழிப்பறைகளைக் கொண்டுவந்தது. மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியே பிரித்து, மலத்தில் சாம்பல் தூவி, மாதக்கணக்கில் மூடி வைத்தால் அது மட்கி உரமாகிவிடும். முசிறியில் அமைந்த பொதுக் கழிப்பறையில், பயன்படுத்த வந்தவர்களிடம் காசு வாங்காமல் அவர்களுக்கே சிறு தொகை கொடுத்தார்கள். உரத்துக்கு மூலப்பொருள் தருகிறவர் அவர்தானே என்பது கணக்கு. நிறுவனத்தின் சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

மண்ணுக்கு ஏற்ற தொழில்நுட்பம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் எந்தக் கழிப்பறையானாலும், குழி நிறைந்த நாளில் ஊர் யாரைக் கூப்பிடும் என்பது நமக்குத் தெரியும். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் சட்டம் 2013இல் புதிதாக வந்தது. அதற்குப் பிறகும் கழிவுத்தொட்டியில் இறங்கிச் செத்தவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகள். எனவே கழிப்பறை கட்ட வருகிறவரிடம் முதல் நாளே கேட்க வேண்டும். மட்கிய உரத்தை அந்தந்த வீட்டுக்காரர் எடுப்பாரா? ஊர்த்தெருவிலும் இதே முறைதானா? அருந்ததியர் தெருவிலிருந்து ஆள் வருவார் என்பதுதான் பராமரிப்புத் திட்டம் என்றால் அந்தக் கழிப்பறை வேண்டாம்.

பணம் எங்கே இருக்கிறது?

‘நல்ல மனம் இருக்கிறது, நிதிதான் இல்லை’ என்ற பேச்சை இனி நம்பக் கூடாது. பட்டியல் சாதியினரின் மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்பத் திட்ட நிதியை ஒதுக்கும் முறை 1979-80லிருந்து இருக்கிறது. ஒதுக்குவது, செலவழிக்காமல் விடுவது, வேறு வேலைக்குத் திருப்புவது என்று நாற்பது ஆண்டுகள் ஓடின. அதற்குக் கடிவாளம் வேண்டும் என்று தலித் இயக்கங்கள் கேட்டுக்கேட்டு, 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆதிதிராவிடர் குடியிருப்புகளின் சாலை, குடிநீர், தெருவிளக்கு போன்ற வசதிகளுக்காக ஐந்து ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் ஒரு திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது. நம் தெருவுக்கு அதில் என்ன வந்தது என்று கேட்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு.

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. மத்திய அரசு 2014இல் தொடங்கிய உன்னத் பாரத் இயக்கம், உயர்கல்வி நிறுவனங்கள் ஐந்தைந்து கிராமங்களோடு வேலை செய்ய வேண்டும் என்கிறது. ஆகவே நம்மிடம் வருகிறவர்கள் பிச்சை போட வருவதில்லை. சட்டமும் அரசும் சொன்ன கடமையைச் செய்ய வருகிறார்கள். வாசலில் கைகட்டி நிற்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

திருச்சியில் யார் வரலாம்?

பங்காளி தேடி டெல்லிக்குப் போக வேண்டாம். ஸ்ரீரங்கம் வட்டத்து நவலூர் குட்டப்பட்டிலேயே தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி இருக்கிறது. சட்ட மாணவர்கள் பக்கத்து ஒன்றியங்களின் பஞ்சமி நில ஆவணங்களை ஊர் ஊராகத் தேடிப் பட்டியலிட்டுத் தரட்டும். சில பருவங்களில் அவர்கள் செய்யக்கூடிய அந்த ஒரு வேலை, நூறு விழிப்புணர்வு ஊர்வலங்களைவிட நமக்குப் பெரிது. வேளாண் மாணவர்கள் நன்னிலம் திட்டத்தில் நிலம் வாங்கும் பெண்ணின் வயலுக்கு முதல் இரண்டு போகம் வந்து போகட்டும்.

தாயனூர் அருகே தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 முதல் இயங்குகிறது. தார் வெட்டிய பிறகு வயலில் வெட்டித் தள்ளும் வாழைமரத்திலிருந்து நார் எடுப்பது, மாவு தயாரிப்பது என்று பல தொழில்நுட்பங்கள் அங்கே இருக்கின்றன. வாழைத்தோட்டத்தில் கூலிக்கு நிற்கும் பெண்களே ஒரு குழுவாக அந்தத் தொழிலை எடுத்து நடத்த, பயிற்சியோடு கூடச் சந்தையையும் காட்டித் தருபவர் வேண்டும். பயிற்சிச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் உலை கொதிக்காது.

எட்டரை, கோப்பு பக்கத்துப் பூ ஸ்ரீரங்கம் சாத்தார வீதிச் சந்தைக்கு வருகிறது. விடியுமுன் பனியில் நின்று பறிக்கிற கைகளில் பல நம் பெண்களின் கைகள். பறிகூலி மட்டும்தான் அவர்களுக்கு. பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு பூத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுக்க முன்பணம் தரும் வங்கியும், சந்தையில் அவர்கள் பூவுக்கு நியாயமான விலை வைக்கும் வியாபாரியும் கிடைத்தால் அவர்களும் பங்காளிகளே. கோயில் நகரத்துக்கு வரும் கூட்டத்தால் கிடைக்கும் வருமானத்தில், பக்கத்து ஊர்ச் சேரிக்கும் ஒரு பங்கு வரட்டும்.

துவாக்குடியின் என்.ஐ.டி., திருவெறும்பூரின் பெல், நகரத்தின் பழைய கல்லூரிகள், அரிமா, ரோட்டரி சங்கங்கள் எல்லோருக்கும் இதில் இடம் உண்டு. முக்கியமாக, நம் தெருக்களில் பிறந்து இட ஒதுக்கீட்டில் படித்து இன்று அரசு அலுவலகத்திலும் ஆலையிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு. திருவிழாவுக்கு வரி கொடுப்பதோடு உங்கள் பங்கு முடிந்துவிடவில்லை. ஊரில் ஒரு பெண் நிலம் வாங்கப் போகும்போது பக்கத்தில் நிற்க ஒரு படித்த ஆள் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

பங்காளி வருமுன் நம் பக்கம் சில வேலைகள் இருக்கின்றன. தெருவுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். எத்தனை வீடு, எத்தனை பேருக்குப் பட்டா, எத்தனை பேருக்கு நிலம், படித்துவிட்டு வேலையில்லாதவர் எத்தனை பேர், யாருக்கு என்ன கைத்தொழில் தெரியும், மாதம் என்ன பொருள் வெளியிலிருந்து வாங்குகிறோம் என்று எழுதுங்கள். எழுதுகிறவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். நமக்குள்ளேயே ஒரு தெருவுக்கும் இன்னொரு தெருவுக்கும் இருக்கும் உயர்வு தாழ்வை ஒதுக்கி வைத்துவிட்டு எழுதுங்கள். பறையர் தெரு, பள்ளர் தெரு, அருந்ததியர் தெரு என்று மூன்று நோட்டு இருந்தால் மூன்றையும் ஏமாற்றுவது எளிது.

அந்த நோட்டோடு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் அது கூடுகிறது. 2019இல் தேர்வான திருச்சி மாவட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவருக்குப் பதவிக்காலம் உண்டு, கிராம சபைக்குக் கிடையாது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். கூட்டம் நம் தெருவிலும் நடக்க வேண்டும் என்று கேளுங்கள். எந்த நிறுவனத்தோடு என்ன வேலை, பணம் எந்தக் கணக்கில், சாவி யாரிடம், எத்தனை ஆண்டு என்பதைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த நிறுவனத்தார் அதே சபையில் வந்து கணக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சண்டை வரலாம். பங்காளி என்றால் சண்டையும் உண்டுதான்.

அரசுப் பதிவேடுகளிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெயர்ப் பலகை மாறுவது நல்லதே. அதோடு அந்தத் தெருவுக்கு நடந்து வருகிறவர்களும் மாற வேண்டும்.

இதைப் படிக்கிற கல்லூரி முதல்வர்களுக்கும், நிறுவன அதிகாரிகளுக்கும், வங்கி மேலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபை நாளில் உங்களுக்குப் பக்கத்து ஊருக்கு வாருங்கள். சால்வை, பலகை, பேனர் எதுவும் வேண்டாம். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் நடந்து எங்கள் தெருவுக்கு வந்து, பாயில் உட்கார்ந்து, பெண்கள் எழுதி வைத்திருக்கும் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். நாங்கள் கொடுக்கும் தேநீரைக் குடியுங்கள். அதில் எந்தப் பக்கம் உங்கள் பங்கு என்பதை அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.